மாப்பிள்ளை திரும்பிப் போகிறார்

என் அக்கா மாலதியின் கல்யாணத்தை நான் ஏறக்குறைய நிறுத்தியிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொஞ்சம் மென்பொருள் எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

அப்போது எங்கள் ஊர் கூலிமில் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உலகத்தில் எதையும் கம்ப்யூட்டரால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற வயது. மாப்பிள்ளை வீடு தொலைவில், ஜித்ராவில்; கல்யாணம் கூலிம் கோவில் மண்டபத்தில். மாப்பிள்ளை எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று மண்டபத்துத் திரையில் காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். மாப்பிள்ளையை ஏற்றிவரும் காடியிலிருந்து அவர் தம்பி தினேஷ் செய்தி அனுப்புவான், அது பெரிய எழுத்தில் திரையில் வரும். மேளக்காரரும் ஆரத்தித் தட்டு ஏந்தும் பெண்களும் அதைப் பார்த்துத் தயாராகிவிடலாம்.

"போன் பண்ணிக் கேட்டாப் போதாதா தம்பி?" என்று அப்பா கேட்டார். நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை.)

புரோகிராமில் எனக்கு மிகவும் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. குரல் செய்தி வந்தால் அதை எழுத்தாக்கிக் காட்டும். முடியாமல் போனால் ஓரமாக வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயற்சி செய்யும். அதற்குள் வரும் மற்ற செய்திகள் காத்திருக்காமல் திரைக்குப் போய்விடும். எது கடைசியாக முடிகிறதோ அதுதான் புதுச் செய்தி என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எப்போது அனுப்பியது என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காலையில் முதல் செய்தி: "பொறப்பட்டாச்சு." மண்டபமே கைதட்டியது. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். பிறகு "வந்துகிட்டே இருக்கோம்." பிறகு "சுங்கை பட்டாணி தாண்டியாச்சு." இன்னும் அரை மணி நேரம்தான் என்று மேளக்காரர் தவிலைத் தட்டிப் பார்த்தார். அப்போது திரை மாறியது.

"மாப்பிள்ள காடி வீட்டுக்குத் திரும்பிப் போவுது."

அதற்குப் பிறகு இருந்த வார்த்தைகள் திரையில் கொள்ளவில்லை.

தவில் கீழே இறங்கியது. சமையல்காரர் வந்து அடுப்பைத் தணிக்கவா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்பவே தெரியும் என்று சித்தப்பா தொடங்கினார் (எது தெரியும் என்று இதுவரை சொல்லவில்லை). அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது பேர் ஒரே நேரத்தில் தினேஷுக்குப் போன் அடித்தார்கள். அதனால் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை.

நான் மணப்பெண் அறைக்கு ஓடினேன். விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா கண்ணாடி முன்னால் அசையாமல் இருந்தாள். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது, ஆனால் குரல் மாறவில்லை.

"அவரு வருவாருடா. நீ போயி உன் மெஷினப் பாரு லா."

பார்த்தேன். அது தினேஷ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் அனுப்பிய குரல் செய்தி. நெடுஞ்சாலை இரைச்சலில் புரோகிராமுக்கு ஒன்றும் புரியவில்லை. விடாமல் ஒன்றரை மணி நேரம் முயற்சி செய்து அப்போதுதான் ஜெயித்திருந்தது. முழுதாகக் கேட்டால் விஷயம் இவ்வளவுதான்: கூறைப்புடவையை அலமாரியில் வைத்து மறந்துவிட்டார்கள், சாவி மாப்பிள்ளையிடம், எடுத்துக்கொண்டு உடனே வருகிறார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "முன்னாடி அனுப்பினது கடைசியா வந்திருக்கு" என்று விளக்கினேன். ஒரு முகமும் தெளியவில்லை. தொழிற்சாலையில் இதை எப்படிச் சொல்வோமோ அப்படியே சொல்லிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. சித்தப்பா மைக்கை வாங்க எழுந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது.

மேளம் இல்லை, ஆரத்தி இல்லை. முந்நூறு பேர் மூச்சுவிடாமல் பார்க்க, மாப்பிள்ளை சரவணன் கூறைப்புடவைப் பெட்டியோடு நுழைந்தார்.

"ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?" என்றார்.

அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார். மணவறை வரைக்கும் விடவேயில்லை. அதைப் பார்த்து நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எண் போடாமல் யாரும் செய்தி அனுப்புவதில்லை. "1. பசாருக்கு வந்துட்டேன். 2. மீன் இல்ல." நான் வீட்டுக்குள் நுழைந்தாலே, "எத்தனாவதுடா நீ?" என்பார் சித்தப்பா.

போன வருடம் அக்காவுக்குப் பிரசவம். அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. அடுத்து வந்தது: "4. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அம்மா கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினார்.

"மூணு வரட்டும். அதுவரைக்கும் யாரும் அழக்கூடாது" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.