சம்பந்தி சொன்ன விகாரம்

மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நாற்பது வருஷமாகக் கேரளத்து உடும்பஞ்சோலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்று, என் மகள் எஸ்தரைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி வந்தவன் நான். இன்றைக்கு எட்டு ஏக்கர் ஏலத்தோட்டம் என் பெயரில் இருக்கிறது. (இதைச் சொல்லாமல் எந்தக் கதையையும் ஆரம்பிக்க மாட்டேன் என்பது என் மனைவியின் குறை.) ஏலக்காய் விலை பேச, வேலைக்கு ஆள் கூப்பிட, சண்டை போட என்னிடம் மலையாளம் உண்டு. மனசைப் பற்றிப் பேசுகிற மலையாளத்துக்கு அவசியமே வந்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மலையாளிகள். பையனும் எஸ்தரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பிடித்துப்போய், மூன்று வருஷம் எங்களிடம் கெஞ்சி வாங்கிய நாள் அது. பையனுக்கு அம்மா இல்லை. தனியாக வளர்த்த அப்பா தாமஸ் சார், ஓய்வுபெற்ற வாத்தியார். போடியிலிருந்து வந்த என் மச்சினனுக்கு மலையாளம் புரியாது. நான் இருக்கிறேன் என்று தோளைத் தட்டி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

எஸ்தர் காப்பி கொண்டுவந்தாள். தாமஸ் சார் நிமிர்ந்து பார்த்தார். உடனே கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "மோளெ கண்டப்போள் ஞான் விகாராதீனனாயிப் போயி" என்றார்.

மச்சினன் குனிந்து, "என்ன மச்சான் சொல்றாரு?" என்றான்.

"நம்ம புள்ள விகாரமா இருக்காம்டா."

"அதுக்கா கண்ணப் பொத்துறாரு?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. எழுந்துபோய், அவர் பாதி கடித்திருந்த முறுக்கைக் கையிலிருந்து வாங்கித் தட்டில் போட்டேன். உம் மகன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறீரா என்று கேட்டு, வாசலைக் காட்டினேன். பாவம், அந்த மனிதர் ஈரக் கண்ணோடு செருப்பைத் தேடினார். ஒன்றும் புரியாமல் பையனும் பின்னால் போனான்.

எஸ்தர் என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, மலையாளத்துல விகாரம்னா உணர்ச்சி. என்னயப் பாத்ததும் மனசு பொங்கி அழுக வந்துருச்சுன்னு சொன்னாக. அவுக இப்பப் போயிட்டா, நான் வேற யாரையும் கட்ட மாட்டேன்."

மச்சினன் கூரையைப் பார்த்தான்.

வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம். ஓடினேன். (வேட்டி என்னோடு பாதி தூரம்தான் வந்தது.) ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மூக்கு ஒழுக, "சார், எனக்கும் விகாரம்" என்றேன்.

தாமஸ் சார் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "கண்டால் அறியாம்" என்றார். பார்த்தாலே தெரிகிறதாம். பிறகு இறங்கி, என் தோளில் கை போட்டு வீட்டுக்குள் கூட்டி வந்தார்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் நான் அழுத அழுகை போட்டோவில் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். எத்தனையோ நல்ல படங்கள் இருக்க, சம்பந்தி அதைத்தான் பெரிதாக்கி அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். இப்போது அவருக்குத் தமிழும் வந்துவிட்டது. யார் போனாலும் அந்தப் படத்தைக் காட்டி, "ரெண்டு குடும்பத்துலயும் விகாரம் ஜாஸ்தி உள்ள ஆள் இவருதான்" என்கிறார்.

போகிற தமிழ்க்காரர்களும் நின்று பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.