கிரெடென்சா விஷயமாக மச்சானுக்கு அவசரமாக எழுதியது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வீட்டில் அனைவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள் என்றும் நம்புகிறேன். தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, எனக்கு ஒரு வாரமாக அது கிடையாது. என் மகளின் குடும்பம் ஓர் அலமாரியால் உடையப் போகிறது. நீங்கள் பதற வேண்டாம். உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். பல் டாக்டரான நம் மாப்பிள்ளைக்கு இசைத்தட்டுப் பைத்தியம் உண்டென்று உங்களுக்குத் தெரியும். நல்ல பையன், குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தட்டு மட்டும் வாங்குகிறார். புது வீட்டுக்குக் குடிபோனதும் அந்த ரெக்கார்ட் பிளேயரை வைக்க ஒரு கிரெடென்சா வேண்டும் என்றார். நான் முதலில் அது ஏதோ ஈறு சம்பந்தப்பட்ட வியாதி என்றே நினைத்தேன். விசாரித்தால், குட்டைக் கால் வைத்து, இடுப்பு உயரத்தில், சுவரோரமாக நீளமாகக் கிடக்கிற அலமாரி. மேலே பிளேயர் உட்காரும், உள்ளே தட்டுகள் நிற்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளைந்துவிடுமாம், புத்தகம் மாதிரி நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டுமாம். இவ்வளவுதானே, நான் வாங்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பழைய காலத்துத் தேக்கு அலமாரிதான் வேண்டும். என் மகளுக்குப் புத்தம்புதுசாக, வெள்ளையாக, கைப்பிடிகூட இல்லாத ஒன்றுதான் வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டார். "மாமா, நீங்களே சொல்லுங்க, பழைய மரத்தோட உறுதி இந்தக் காலத்துப் பலகைக்கு வருமா?" என்றார். வராது மாப்பிள்ளை என்றேன். சாயங்காலம் மகள் தனியாகக் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, யாரோ வெச்சிருந்து கழிச்சுக்கட்டினதை நம்ம வீட்டு நடுவுல கொண்டாந்து வைக்கணுமா?" என்றாள். தேவையே இல்லை கண்ணு என்றேன். உங்களுக்குத் தெரியாததில்லை மச்சான், லிஃப்ட் பரிசோதகனாக வேலை பார்த்த காலத்தில் ஒரு லிஃப்டையும் நான் லேசில் தேறவிட்டதில்லை. கயிற்றில் ஒரு பிசிறு தெரிந்தாலும் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவேன். வீட்டில்தான் எனக்கு இந்த 'முடியாது' என்ற சொல் நாக்கில் ஏறுவதில்லை. இரண்டு பேரிடமும் சரி என்றேன், இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை என்னைப் பழைய மரச்சாமான் கடைக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசம். அங்கே ஒரு தேக்கு அலமாரியைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார். கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, முகமெல்லாம் மலர்ந்தார். நான் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்தேன். (ஓய்வு பெற்ற பிறகும் அது என் பையில்தான் இருக்கிறது.) குமிழி இடது பக்கம் ஓடிவிட்டது. பிளேயர் சாய்ந்து நின்றால் ஊசி வழுக்கும், தட்டு கீறிப்போகும், மாப்பிள்ளை மனம் உடைவார், அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவார்? கடைக்காரரிடம் சொன்னேன். "சார், அலமாரி நேராத்தான் இருக்கு, என் கடைத் தரைதான் கோணல்" என்றார். தரையில் வைத்துப் பார்த்தேன். தரையும் கோணல்தான், ஆனால் வலது பக்கம். "அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப்போச்சுல்ல" என்றார் அவர். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தார். நானும் சரி என்றேன்.

அதற்கடுத்த நாள் மகளோடு பெரிய கடை. அங்கே தரை கண்ணாடி மாதிரி, ரசமட்டத்துக்கு வேலையே இல்லை. அந்த வெள்ளை அலமாரியில் எதைப் பிடித்துத் திறப்பது என்று நான் நாலு பக்கமும் தடவிக்கொண்டிருந்தேன். விற்பனைப் பெண் வந்து, "லேசா அமுக்குங்க சார்" என்றாள். அமுக்கினேன். கதவு துள்ளி வந்து என் முழங்காலில் அடித்தது. இப்போது நம் இருவருக்கும் ஒரே வலி. பின்னால் ஒயர் போக ஓட்டை இருந்தது, பிளேயரின் மூடியைத் திறந்தால் சுவரில் இடிக்காத அகலம் இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் உள்ளே மரம் இல்லை, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. தட்டுகளின் பாரத்தில் நடுவில் தொய்ந்துவிடாதா என்று கேட்டேன். "அதுக்குத்தான் நடுவுல கால் வெச்சிருக்கோம் சார்" என்றாள். குனிந்து பார்த்தால் அந்தக் கால் தரையையே தொடவில்லை. இதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது என் மகள் சின்ன வயதில் பொம்மைக் கடையில் நின்றதுபோல் நின்றுகொண்டிருந்தாள். அதற்கும் சரி என்றேன்.

இரண்டையும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பினால் அன்றைக்கே கலகம். கொஞ்சம் யோசிக்க அவகாசம் வேண்டுமென்று இரண்டையும் என் வீட்டு முகவரிக்கே வரவழைத்தேன். வெள்ளை அலமாரி அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்தது, ஹாலில் வைத்து நானே பூட்டி நிறுத்திவிட்டேன், பிரச்சினை இல்லை. தேக்கு முழுசாக வந்தது. சுமை தூக்குகிறவர் லிஃப்டில் ஏற்றலாம் என்றார். நான் உள்ளே நின்று இழுத்தேன், அவர் வெளியே நின்று தள்ளினார், அலமாரி கதவுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. நான் அதற்குப் பின்னால். அபாய மணியை அமுக்கினேன், அடிக்கவில்லை. மச்சான், எத்தனை கட்டடத்தை இந்த ஒரு காரணத்துக்காக நான் இழுத்து மூடியிருக்கிறேன்! மேல் வீட்டுக்காரர் படியேறிக்கொண்டே, "இவர்தான் லிஃப்ட் பத்தி நமக்கெல்லாம் பாடம் எடுத்தவரு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன். "மாமா, நீங்க அவளோட போய்ப் புதுசு வாங்கினீங்களாமே? ஒரே கேள்விதான், நீங்க யார் கட்சி?" என்றார். பின்னாலிருந்து என் மகளின் குரல், "அப்பா என் கட்சி!" பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். "அப்படின்னா நான் தரையிலயே வெச்சுக்கறேன்!" என்றார் அவர். "வெச்சுக்கோங்க, நீங்களும் பக்கத்துலயே படுத்துக்கோங்க!" என்றாள் இவள். சுமை தூக்குகிறவர் இன்னும் இரண்டு ஆளைக் கூட்டிவந்து அலமாரியை வெளியே பிடுங்கி, படி வழியாக ஏற்றிய பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

நாலு நாளாக அவர்களிடமிருந்து போன் இல்லை. எங்கள் ஹாலில் இரண்டு அலமாரியும் எதிரும் புதிருமாக நிற்கின்றன, பால்கனிக்குப் போக உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் குரல் உயர்ந்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவள் எது சொன்னாலும் உன் இஷ்டம் என்று நான் அமைதி காத்துவந்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் இப்படிக் கத்துகிறாள் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்? இன்றைக்கு அலமாரி, நாளைக்கு ஆளுக்கொரு வீடு. ஆகவே கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இதைக் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். தாய்மாமன் சொன்னால் இருவரும் கேட்பார்கள். எந்த அலமாரியைச் சொன்னாலும் சரி, நீங்களே முடிவு செய்ததாக இருக்கட்டும். நீங்கள் வெளியூர், கோபம் உங்களை எட்டாது.

வயதில் பெரியவர் நீங்கள், உங்கள் ஆசீர்வாதம் எங்கள் எல்லோர்மேலும் இருக்கட்டும், முக்கியமாக என்மேல். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வழிமேல் விழி வைத்திருக்கும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறை தேடிப் போன நேரத்தில் உங்கள் தங்கை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். படித்தவள் நேராக மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "அது சண்டையாப்பா? நாங்க தினமும் அப்படித்தானே பேசிக்கறோம்!" என்று மகள் சிரிக்கிறாள், பக்கத்தில் மாப்பிள்ளையும் சிரிக்கிறார். கிளினிக்கில் சும்மா கிடந்த குட்டை இரும்பு பீரோவைக் கொண்டுவந்து பிளேயரை அதன்மேல் வைத்துவிட்டார்களாம், ஆடாமல் அசையாமல் நிற்கிறதாம். ரெண்டு அலமாரியும் நீங்களே வெச்சுக்கோங்க என்றுவிட்டார்கள்.

உங்கள் தங்கை, "ரெண்டுக்கு இடமில்ல, ஒண்ணைக் குடுத்துடலாம். எது இருக்கட்டும்?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல உங்க இஷ்டம் என்னன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? அதுங்க ரெண்டும் கத்திக்கறதைக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்கு. இந்த வீட்டுல நான் தனியாவே பேசிட்டிருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது மச்சான். அமைதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு இப்படி இருந்திருக்கிறது. சரி, எது உனக்குப் பிடிக்கும் என்றேன். தேக்கு என்றாள். வாயைத் திறந்தேன், சொல்லியேவிட்டேன்: "எனக்கு அது பிடிக்கலை. அது கோணல்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எது கோணல்? உங்க பார்வைதான் கோணல்!" என்றாள். வெள்ளைதான் இருக்கணும் என்றேன். "அந்த அட்டையா?" என்றாள். மத்தியானம் ஆரம்பித்தது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து திரும்பவும் தொடர்கிறாள், நானும் விடவில்லை. மேல் வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் முகத்தில் இவ்வளவு களையை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. தயவுசெய்து வராதீர்கள் மச்சான், வந்தால் தீர்த்து வைத்துவிடுவீர்கள்.