சிக்னல் அண்ணாச்சியின் பேக்ரவுண்ட்

பாஸ்கெட் பால் என்ற விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, தன் கையால் ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போடாமல் ஆறு வருஷம் கோச்சாக இருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடியில் இருக்கிறார். வேறு ஊரில் இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் கோச்சாக இருந்த கிளப்புக்குப் பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர். இந்த விஷயத்தில் என் பேச்சுதான் செல்லும்.

அவர் பெயர் சிக்னல் அண்ணாச்சி. ஞானஸ்நானத்தின்போது வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள், ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஹார்பரில் வேலை பார்த்தவர். கப்பல் கிரேனை ஓட்டுகிறவர் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மேல்தளத்தின் ஓரத்தில் ஒருவர் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கையாலேயே அவருக்குச் சொல்ல வேண்டும். ஒற்றை விரலை மேலே நீட்டிச் சுற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால், இறக்கு. இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினால், எது எப்படி இருந்தாலும் அப்படியே நிறுத்து. முப்பது வருஷம் இதையே செய்தவருக்கு வாய் என்ற உறுப்பு சாப்பிடுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது. டீக்கடையில் சீனி கம்மி என்பதைக்கூடப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டிக் காட்டித்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்டவர் எங்கள் கிளப்புக்கு எப்படிக் கோச்சானார் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, ஆகவே முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி அவர் பொறுப்பில் இருந்தது. மற்ற கோச்சுகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அண்ணாச்சி கோட்டுக்கு வெளியே அசையாமல் நிற்பார். விரல் மட்டும் பேசும். பயிற்சியில் அவர் வாயைத் திறப்பது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்.

"ஏளா ரெஜினா! வெளிய வா, வெளிய வா! மேல என்ன இருக்கு?"

"வளையம் சார்."

"தொங்குதா?"

"ஆமா சார்."

"தொங்குற சாமானுக்கு அடியில ஒனக்கு என்ன வேல?"

ரெஜினா பத்து வயதில் அணிக்கு வந்தவள், இப்போது அணித்தலைவி. எங்கள் பிரசிடெண்டின் ஒரே மகள். வளையத்துக்கு அடியில் நிற்காமல் பாஸ்கெட் பால் ஆடுவது, தண்ணீரில் இறங்காமல் நீந்துவது மாதிரி. கூடையில் விழாமல் தவறுகிற பந்தை அடியில் நிற்கிறவர்கள்தான் பிடிக்க முடியும். முதல் வருஷம் தவறிய பந்து அத்தனையும் எதிரணிக்கே போனது. நான் அண்ணாச்சியிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"தம்பி, நம்ம ஊரு உப்புக்காத்துக்கு அந்த போல்ட்டு எத்தன நாள் தாங்கும்? நீங்க உத்தரவாதம் குடுப்பியளா?" என்று கேட்டார்.

அண்ணாந்து பார்த்தேன். போல்ட் துருவேறிப் பொரிந்துபோயிருந்தது. மறுநாள் காலையிலேயே வெல்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி அதோடு விட்டாரா? பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு ஹெல்மெட் வேண்டும் என்று கமிட்டிக்கு ஒரு மனுவும் கொடுத்தார். பிரசிடெண்ட் உப்பு வியாபாரி. மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது நமக்கு வந்ததா, நிலக்கரி யார்டுக்கு வந்ததா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. இரண்டாம் வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் வெளியே நின்றபடியே பந்து எங்கே விழும் என்று கணக்குப் பண்ணி, பாய்ந்து வந்து, எகிறிப் பிடித்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். எதிரணிப் பிள்ளைகள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெரிய கிளப்பின் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இது எந்த ஊர் சிஸ்டம்?" என்று ரகசியமாக விசாரித்தார். "ஐரோப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? மேட்சில் ஆட்கள் அடிக்கிற மேளச் சத்தத்தில் மற்ற கோச்சுகள் கத்துவது அவரவர் பிள்ளைகளுக்கே கேட்காது. எங்கள் பிள்ளைகளுக்குக் காதே தேவைப்படவில்லை. வரிசையாக ஜெயித்தோம்.

மேட்சுக்கு முன்னால் அண்ணாச்சி ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் முட்டிபோட்டு உட்கார்ந்து ஷூ லேஸை இழுத்துப் பார்ப்பார். பாரம் கட்டின கயிற்றைச் சோதிக்கிற மாதிரி இரண்டு இழுப்பு. லூசாக இருந்தால் அவரே அவிழ்த்துக் கட்டுவார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் லேஸை நான் கடைசியாக எப்போது கட்டிவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஃபைனல் வரும்வரை.

கடைசி நிமிஷம். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம். பந்து ரெஜினா கையில். வெளியிலிருந்து பாய்ந்து வருகிறாள், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் எகிறிவிடுவாள். அந்த நேரம் பார்த்து எதிரணிப் பெண் ஒருத்தி கால் வழுக்கி, சரியாக வளையத்துக்கு அடியில் மல்லாக்க விழுந்தாள். அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினார்.

எங்கள் ஐந்து பிள்ளைகளும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார்கள். நடுவர் விசிலே ஊதவில்லை. எதிரணியில் ஒருத்தி சாவகாசமாக வந்து ரெஜினா கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு போய் மறுபக்கம் போட்டுவிட்டாள். தோற்றோம். அண்ணாச்சி ஸ்கோர் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விழுந்த பிள்ளையிடம் ஓடி, "அடி பட்டுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரசிடெண்ட் மூஞ்சியில் ஈயாடவில்லை. "ஜெயிக்கிற மேட்ச நிறுத்திட்டாரே! இந்த ஆளுக்கு என்னய்யா பேக்ரவுண்டு?"

இந்தக் கேள்வி அன்று மாலைக்குள் பெற்றோர் வாட்ஸப் குரூப் முழுக்கப் பரவியது. சென்னையில் எல்லாம் கோச்சுகளின் பேக்ரவுண்டை வாசலில் போர்டாக வைத்திருக்கிறார்களாம். நம் கிளப்பில் ஏன் இல்லை? அடுத்த வாரமே கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். கோச்சுகள் எல்லோரும் படிவம் நிரப்ப வேண்டும். பேக்ரவுண்ட் உள்ளவர்கள் பெயர் போர்டில் ஏறும். இல்லாதவர்களுக்குப் பதிலாக வேறு ஆள். மதுரையில் ஒருவர் சர்டிபிகேட்டுகளோடு தயாராக இருந்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. கேட்க ஆளில்லாமல் ரேடியோ தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. சுவரில் மாதா கோயில் காலண்டர். அதில் எங்கள் பயிற்சி நாட்களை, வாரத்துக்கு நாலு நாள், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மற்ற மூன்று நாட்களில் ஒரு கோடுகூட இல்லை.

"முழுப்பெயர் சொல்லுங்க அண்ணாச்சி." ஆறு வருஷம் கழித்து இதைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னார். எழுதினேன்.

"எந்த டீமுக்கு ஆடியிருக்கீங்க?"

"ஆடலயே."

"ஹார்பர் டீம்?"

"அவங்க ஆடும்போது வேலியப் பிடிச்சிக்கிட்டு நின்னு பாப்பேன்."

"கோச்சிங் சர்டிபிகேட்?"

"அப்படி வேற ஒண்ணு உண்டுமா?"

பேனாவை மூடிவிட்டேன். "பின்ன எப்படி அண்ணாச்சி நம்ம கிளப்புக்குக் கோச்சா வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? நீங்கதான தம்பி கூப்பிட்டிய!"

இனிமேலும் தள்ளிப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து ஒரு கோச் வருவதாக இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் கேட் பக்கத்தில் ஒருவர் நின்றார். ஆரஞ்சு கலர் சட்டை, கழுத்தில் விசில். வேறு யாராக இருக்க முடியும்? நான் ஓடிப் போய் வரவேற்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "புது கோச்சுக்குக் கை தட்டுங்க" என்று சொன்னேன். ஹார்பரில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தபோதும், அங்கே உள்ள டீமில் ஆடியவர் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். நாகர்கோவில்காரர் வேறு எங்கோ வேலை கிடைத்துப் போயிருக்கிறார். வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அவரைத் தேடத் தோன்றவே இல்லை.

"அன்னைக்கு எனக்கு வேலையில கடைசி நாளு தம்பி," என்றார் அண்ணாச்சி. "மால போட்டு, ஸ்வீட்டு குடுத்து அனுப்பிட்டாங்க. யூனிபார்மயும் விசிலயும் கழட்ட மனசில்லாம அப்படியே நடந்து வாரேன். எம் பொஞ்சாதி போயி அப்ப ரெண்டு வருஷம். வீட்டுக்கு வந்தா பூட்டத் தொறக்கணும், வேற ஒண்ணும் இல்ல. பந்து தட்டுற சத்தம் கேட்டுது, கொஞ்சம் நின்னேன். நீங்க ஓடி வந்து, 'வாங்க சார், ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்'னிய."

"அப்பவே, நான் அவன் இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன்." ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "என்னைய யாரும் எதிர்பாத்து ரொம்ப நாளாச்சு தம்பி. இல்லன்னு சொல்ல மனசு வரல."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

கமிட்டியில் படிவத்தை நானே வாசித்தேன். ஆடிய அணி, இல்லை. சான்றிதழ், இல்லை. அனுபவம் என்ற இடத்தில் அவரைக் கேட்காமல் நானாக எழுதியிருந்தேன்: முப்பது வருஷம் தலைக்கு மேல் பாரம் தொங்கியும், கீழே நின்ற ஒருவருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டவர். நாகர்கோவில் கதையையும் சொல்லி, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பத்து நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு மதுரைக்காரரையே போட்டார்கள்.

நான் எழுந்து சண்டை போட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைசியில் பிரசிடெண்ட், "அண்ணாச்சிய மாத்தப் போறோம்னு எம் மக மூணு நாளா எங்கூடப் பேசல. அவர் வேணும்னா வந்து பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"கோச் இல்ல. சரி. நான் வரலாமா, வரப்படாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தாராளமா வரலாம் அண்ணாச்சி."

"எத்தன மணிக்கு?"

"எப்பவும் போல அஞ்சு மணிக்குத்தான்."

"நான் நாலு மணிக்கே வந்திருவேன். எப்பவும் அப்படித்தான வாரேன். அதுவரைக்கும் இங்கன இருந்து என்ன செய்ய?"

கேட்டைத் திறக்கிறவன் நான்தான். ஆபீஸ் விட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போய்த் திறப்பேன். அப்படியானால் ஆறு வருஷமாக இந்த மனிதர் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். சாவி என் பையில் இருந்திருக்கிறது.

மதுரைக் கோச் நல்ல மனிதர், நன்றாகக் கத்துகிறார். போர்டில் அவருடைய பேக்ரவுண்ட் பதினான்கு வரி வந்திருக்கிறது. நான் வாரத்தில் நாலு நாள் மூன்றரை மணிக்கே ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுகிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "அப்படி என்னய்யா தலைபோற அவசரம்?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு ஒருத்தர் வருவார் சார். நான் முன்னாலேயே போய் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றேன்.