பத்தடி தள்ளி ஒரு ரசப்பொடி

உலகத்தில் எதையுமே பத்தடி தள்ளி நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ‘பத்தடி’ அண்ணன். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் பார்த்தார். பெண்ணின் அம்மாவைப் பார்த்து, “புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் நான் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பளம், சேமியா, ஊதுபத்தி என்று ஊரில் விற்ற பாதிச் சரக்குக்கு அண்ணன்தான் கவர் வரைந்தார். ஆனால் அவர் சட்டையில் பட்டன் ஒன்று மாறித்தான் இருக்கும். காதோரம் எப்போதும் பச்சை மை. வருகிறவர்கள் இஸ்திரிச் சட்டை போட்ட என்னை ஆர்ட்டிஸ்ட் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். அவரிடம், “ஒரு டீ வாங்கிட்டு வாப்பா” என்பார்கள். அவரும் வாங்கிவந்து கொடுப்பார்!

நத்தத்திலிருந்து வந்த ஜெயராணி அக்காவும் அப்படித்தான் ஏமாந்தார். அவர் அரைக்கும் ரசப்பொடியின் வாசம் தெருவையே தூக்கும். ஆனாலும் வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் கிடந்ததைக் கடைகளில் ஒருவரும் சீண்டவில்லை. வத்தலக்குண்டு மளிகைக்கடைக்காரர் மட்டும், “நல்ல கவரு போட்டுக் கொண்டாங்க, பாப்போம்” என்றிருந்தார். அதுவும் போனால் பொடி அரைக்கும் மெஷினை விற்றுவிட்டு மறுபடி மில் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

“இவர்தான்க்கா வரையுறவரு” என்று அண்ணனைக் காட்டினேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏன் தம்பி, சட்டையவே நேராப் போடத் தெரியலையே!”

ஒரு வாரத்தில் மாதிரிக் கவர் ஒன்று தயாரானது. மிளகாய்ச் சிவப்பு, நடுவில் ஆவி பறக்கும் கிண்ணம். அதில் அண்ணன் மரத்தூளை நிரப்பி ஒட்டினார். அக்கா பதறினார்.

“பொடியை வச்சா வாசமே வித்துரும் தாயி. கவரு ஆளைக் கூப்பிடுதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

மூவரும் வத்தலக்குண்டு போனோம். “பார்வைக்கு மட்டும்” என்று சொல்லி, மற்றக் கம்பெனிப் பாக்கெட்டுகளுக்கு நடுவே அண்ணன் அதை வைத்தார். உள்ளே இருப்பது மரத்தூள் என்று கடைக்காரரிடம் சொல்லவில்லை. எதிர்ச்சாரிக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார். சந்தை நாள். கடையை மறைத்துக்கொண்டு அம்புட்டுக் கூட்டம். கூட்டம் விலகியதும் அண்ணன் அலறினார்.

“ஐயையோ, ஒண்ணுமே தெரியலையே! சிவப்பு கம்மியாப் போச்சு!”

நான் பார்த்தேன். சிவப்பு கம்மியாகவில்லை. பாக்கெட்டையே காணோம்!

ஓடினோம். அதற்குள் ஒரு டீச்சரம்மா பிரித்த பாக்கெட்டோடு கடையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “ரசப்பொடின்னு மரத்தூளையா விக்கிறீங்க?” வியாபார வேகத்தில் எடுத்துக் கொடுத்துவிட்ட கடைக்காரர் அக்காவை முறைத்தார். தொலைந்தது மெஷின் என்று நினைத்தேன்.

அண்ணன் உள்ளே புகுந்தார். “டீச்சர், எம்புட்டு தூரத்துல இருந்து இதைப் பாத்தீங்க?”

“பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணுல பட்டுச்சு. அதுக்கென்ன இப்ப?”

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, “தப்பு என்னோடது” என்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா பையிலிருந்த அசல் பொடியைப் பிரித்து நீட்டினார். டீச்சரம்மா முகர்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

“மரத்தூளையே வித்துட்டாரே மனுசன்!” என்றார் கடைக்காரர். “பொடி விக்காதாக்கும்? நாலு பெட்டி அனுப்புங்கம்மா.”

வெளியே வந்ததும் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “அண்ணே, உங்களைப் பாத்ததும் நான் தப்பா நெனச்சுட்டேன்.”

“எல்லாரும் பாத்ததும்தான் தாயி நெனைப்பாங்க. அதுனாலதான நம்ம பொழப்பே ஓடுது.”

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். இஸ்திரிச் சட்டையெல்லாம் பச்சை மை. திண்டுக்கல் வரும்வரை நான் அசையவே இல்லை.