அம்மாவுக்குப் பிடித்த மாங்கொட்டை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசிப்பது, பெரும்பாலும் அவர் இறந்த பிறகுதான். உயிரோடு இருக்கும்போது இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். போய்ச் சேர்ந்த பிறகு, வருடத் திதியன்று படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, பிடித்ததையெல்லாம் படைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று விழுந்து கும்பிடுவோம். என் பெரியப்பாவின் இலையில் ஒரு கட்டுப் பீடியே இருந்தது. (தீப்பெட்டி வைக்கவில்லையே என்று பெரியம்மா பாதிக் கும்பிடலில் எழுந்து ஓடினாள். அந்தப் பீடிக்காக அவரை வாழ்நாள் முழுக்க வாசலுக்கு விரட்டியவளும் அவள்தான்.)

போன வருடம் வைகாசியில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. ஐம்பத்தெட்டு சாகிற வயதில்லை. காலையில் எனக்குப் போன் செய்து, என் மகள் யாழினிக்குச் சளி விட்டதா என்று கேட்டாள். மத்தியானம் இல்லை.

ஆகவே இந்த வருடம் முதல் படையல். எப்படியாவது அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. நான் சாதாரணமாகவே, திண்டுக்கல் பூட்டைக்கூட நம்பாமல் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ரகம். மகளுக்கு ஒரு தும்மல் வந்தால் இரண்டு டாக்டரைக் கேட்பேன். அம்மாவுக்கு உயிரோடு இருந்தபோது ஒன்றும் செய்யவில்லை, இந்த இலையாவது அவள் விரும்பிய மாதிரி இருக்கட்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் மனசில் இருந்தது.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, மகளோடு அப்பா வீட்டில் போய் இறங்கினேன்.

"அப்பா, அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது என்னப்பா?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கோழிதான். அதுலயும் கழுத்தும் றெக்கையும்னா உசுரு. நான் நெஞ்சுக்கறிய எடுத்து வச்சாக்கூட ஒங்க தட்டுல போட்டுட்டு, கழுத்தைத்தான் கடிச்சுக்கிட்டு இருப்பா."

தம்பி சரவணன் மறுத்தான். "அதெல்லாம் இல்லப்பா. மொத தோசை. கல்லுல ஒட்டிக்கிட்டுக் கருகி வரும்ல, அதை அம்மா யாருக்கும் தராது. தனக்குன்னு எடுத்து வச்சுக்கிரும். ஒருநா நான் கேட்டதுக்குக் கையைத் தட்டி விட்டுச்சு."

எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவை உண்மையாகவே கவனித்தவள் நான் ஒருத்திதானே? "மாங்கொட்டை" என்றேன். நத்தம் மாம்பழம் வந்துவிட்டால் அம்மா அடுப்படி மூலையில் நின்றுகொண்டு, முழங்கை வரை சாறு ஒழுக, கொட்டை வெளுக்கிற வரைக்கும் சூப்புவாள். அப்படியொரு ஆனந்தத்தை அவள் முகத்தில் வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்ட எவருக்கும் ஏதோ உறைத்திருக்கும். எங்களுக்கு உறைக்கவில்லை. (மூன்று பேரும் படித்தவர்கள்.)

திதியன்று காலையில் வீடே பரபரப்பாக இருந்தது. அப்பா கறிக்கடைக்குப் போய்க் கழுத்தும் றெக்கையும் மட்டும் வேண்டும் என்றிருக்கிறார். "நாய்க்கா சார்?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். கோபத்தோடு திரும்பி வந்தவர், "என் பொண்டாட்டிக்குடான்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். அப்போதும் உறைக்கவில்லை.

சரவணன் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு முதல் தோசையைக் கருக்கப் பாடுபட்டான். கல் பழகிவிட்டதால் தோசை அழகாகப் பொன்னிறத்தில் எழும்பி வந்தது. "ச்சே, நல்லா வந்துருச்சு" என்று நொந்துகொண்டு, கல்லைக் கழுவிக் காயவைத்து மறுபடி ஊற்றினான். நான் காபி போட்டு ஆற வைத்தேன். அம்மா சூடாகக் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே ஆடை படிந்த ஆறிய காபிதான் அவளுக்குப் பிடிக்கும் என்பது என் முடிவு.

பிறகு மாம்பழம். இருப்பதிலேயே நல்ல பழமாக எடுத்து, கதுப்புகளை இரண்டு பக்கமும் சீவி மகள் கையில் கொடுத்துவிட்டு, கொட்டையை இலையில் வைத்தேன்.

"அம்மாச்சிக்குக் கொட்ட மட்டுந்தானா?" என்றாள் யாழினி.

"அம்மாச்சிக்கு அதுதான் பிடிக்கும். நீ சட்டையில சிந்தாம சாப்பிடு."

உச்சி நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவின் தங்கை செல்வி சித்தி நத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றியதும் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இலையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி இலையைப் பார்த்தாள்.

"ஏண்டி, இன்னும் படைக்கலயா? யாரோ தின்ன எலை கெடக்கு?"

"படைச்சாச்சு சித்தி. எல்லாம் அம்மாவுக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்து வச்சது" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

சித்தி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோழிக் கழுத்து. கருகிய தோசை. ஆடை படிந்த காபி. சதையில்லாத மாங்கொட்டை.

"கதுப்பெல்லாம் எங்கடி?"

யாழினி வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் தின்னுட்டேன்" என்றாள்.

"அடிப் பாவிகளா!" சித்தி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "எங்கக்காளுக்கு மாம்பழம் பிடிக்கும்டி! கொட்ட இல்லடி! செத்த பெறகுமா அவளுக்குக் கொட்டய வச்சுட்டுக் கதுப்ப நீங்க திங்கிறீங்க?"

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரவணன் கையில் கரண்டியோடு நின்றான். அப்பா கழுத்தை, அதாவது கோழிக் கழுத்தை, பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடங்களாக அந்த அடுப்படி மூலையை நான் எப்படிப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது, ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சரி சித்தி, தப்புதான். அம்மாவுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க. இப்பவே செஞ்சிர்றேன்."

சித்தி வாயைத் திறந்தாள்.

"சின்னப் பிள்ளையில சவ்வு மிட்டாயின்னா விட மாட்டா" என்றாள். "மாம்பழம். அப்பறம்..." தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணத்துக்குப் பெறகு நானும் எங்கடி கேட்டேன்? நான் வந்தா எனக்குப் பிடிச்சதைச் செஞ்சு போடுவா. தின்னுட்டு நான்பாட்டுக்குப் போயிருவேன்."

அப்பா, "புரோட்டா" என்றார்.

எல்லோரும் திரும்பினோம்.

"பழனி போய்ட்டு வந்தப்ப பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னோம். இவளுக்கு அப்ப ஒரு வயசு. ஒங்கம்மா ரெண்டு தின்னா. இன்னொண்ணு வாங்கட்டான்னு கேட்டா. பஸ்ஸு போயிரும்னேன்."

"பசியா இருந்திருக்கும்பா" என்றான் சரவணன்.

"இருக்கட்டும்டா. வாயத் தொறந்து கேட்டாள்ல? எனக்குத் தெரிஞ்சு அவ தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். புரோட்டா வாங்கி வரும்வரை கும்பிடாமல் எல்லோரும் காத்திருந்தோம். அவர் வந்து பொட்டலத்தைப் பிரித்து, கழுத்தையும் கொட்டையையும் ஓரமாகத் தள்ளி, தன் கையாலேயே நடு இலையில் வைத்துச் சால்னா ஊற்றினார். மூன்றாவதை வைக்கும்போதுதான் அழுதார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கும்பிட்டு முடித்து, இலையில் இருந்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மொட்டை மாடியில் காக்கைக்கு வைத்தோம். சற்று நேரத்தில் ஒரு காக்கை வந்தது. அப்பா மூச்சுவிடாமல் நின்றார். அது புரோட்டாவைச் சுற்றி வந்தது. சால்னாவை எட்டிப் பார்த்தது. பிறகு கருகிய தோசையைக் கவ்விக்கொண்டு பறந்துபோனது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று சரவணன் குதித்தான்.

சித்தி கையை நீட்டிக் காக்கையைத் திட்டினாள்: "செத்தும் திருந்துனாளா பாரு! ஏக்கா, புரோட்டாவத் தின்னுக்கா! ஒன் புருசன் வாங்கிட்டு வந்துருக்காரு!"

நாங்கள் சிரித்தோம். அழுதுகொண்டேதான் சிரித்தோம் என்றாலும், அம்மா போன பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. எனக்கு நாற்பது எட்டிப் பார்க்கிற வயது. எனக்கு என்ன பிடிக்கும்? மகள் கடித்துப் போட்ட பிரெட் ஓரம், டிபன் டப்பாவில் திரும்பி வந்த தக்காளி சாதம், அழுக்குத் தெரியாத நிறத்தில் சேலை. யோசிக்க யோசிக்க, என் இலையும் ஏறக்குறைய அம்மாவின் இலையாகத்தான் இருந்தது. இதை என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். ஓட்டலுக்குப் போனால் நான் சொல்லும் வரைக்கும் யாரும் ஆர்டர் கொடுக்கக் கூடாது என்று அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டார். 'எதுனாலும் சரி' என்ற பதிலுக்குத் தடை.

முதல் தடவை சர்வர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து மேசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி நின்றார். எனக்கு வேர்த்தது, எந்த இன்டர்வியூவிலும் அப்படி வேர்த்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "காளான் மசாலா."

வந்தது. ரப்பரை மென்றது போல இருந்தது. வீணாக்கக் கூடாதே என்று இரண்டாவது வாயை எடுத்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, கீழே வைத்துவிட்டு, "எனக்கு இது பிடிக்கல" என்றேன்.

கணவரும் மகளும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நானே கொஞ்சம் பயந்துபோனேன்.

மறுநாளிலிருந்து யாழினி அதைப் பரப்ப ஆரம்பித்தாள். வகுப்பு டீச்சரிடம், ஆட்டோக்காரரிடம், மாடி வீட்டில்: "எங்கம்மாவுக்குக் காளான் பிடிக்காது." நத்தத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்து, சித்தி போன் செய்தாள்.

"நெசமாவாடி?"

"நெசமாத்தான் சித்தி. நல்லாவே இல்ல."

"அக்காளுக்கு என்ன பிடிக்காதுன்னுகூட எனக்குத் தெரியலயேடி" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் இந்தப் பேச்சு வராமல் போகாது. பந்தியில் நான் உட்காரும்போது சரவணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வான்:

"அக்கா, ஒன் எலைக்கு என்னென்ன வைக்கணும்னு இன்னும் தெரியல. ஆனா காளான் வராது. அதுக்கு நான் பொறுப்பு."