தேன்குரலுடன் ஏழு நிமிடங்கள்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளுள் மிகக் கடினமானது நட்சத்திரப் பேட்டி. மூளையில் அறுவை சிகிச்சை செய்பவருக்குக்கூட எதிரே இருப்பவர் மயக்கத்தில் கிடக்கும் வசதி உண்டு. எங்கள் தொழிலில் எதிரே இருப்பவர் நன்றாக விழித்திருப்பார். நாங்கள்தான் மயக்கத்தில் இருப்போம். ஒரு வார இதழின் சினிமாப் பகுதியில் பதினாறு ஆண்டுகளாக இந்தக் கலைக்குத் தொண்டு செய்துவருகிறேன். இதுவரை ஒரு நட்சத்திரத்தின் முகமும் என் கேள்வியால் சுருங்கியதில்லை.

பேட்டி என்றால் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். பாவம், விவரம் போதாது. முறையான பேட்டியில் பதில் முந்தி வரும், கேள்வி பிந்தி வரும். முதல் நாளே நட்சத்திரத்தின் மக்கள் தொடர்பாளர், அதாவது பி.ஆர்.ஓ., பதில்களைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். அவற்றின் அளவுக்கேற்பக் கேள்விகளைத் தைத்துக்கொண்டு போவது நிருபரின் பொறுப்பு. ஒருமுறை 'என் எளிமைதான் காரணம்' என்று ஒரு பதில் வந்தது. 'இத்தனை உயரத்திலும் உங்கள் எளிமை தேயாமல் இருப்பது எப்படி?' என்று தைத்துக் கொடுத்தேன். கச்சிதம் என்று பி.ஆர்.ஓ. எழுதி அனுப்பிய குறிப்பைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

இந்தமுறை எனக்கு வாய்த்த நடிகை 'தேன்குரல்'. ஐந்தே படங்களில் ரசிகர்கள் மனமுவந்து சூட்டிய பட்டம். அந்த ஐந்து படங்களிலும் ஒலிக்கும் தேன் என் மனைவியினுடையது. அவள் டப்பிங் கலைஞர். படம் தொடங்கும்போது உணவு பரிமாறியவர் பெயர்கூட ஓடும், அவள் பெயர் ஓடாது. அப்படித்தான் ஒப்பந்தம். அதுபற்றி அவள் குறைபட்டுக்கொண்டதும் இல்லை, பேட்டிக்கு முதல் நாள்வரை.

அன்று ஒரு புதிய படத்துக்குக் குரல் தேர்வுக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே பேச ஆரம்பித்தாள்.

"என்ன சொன்னாங்க தெரியுமா? நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா தேன்குரலை அப்படியே காப்பி அடிக்கிறீங்களாம். சொந்தக் குரல்ல பேசிப் பழகிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. இதோட மூணு இடம்ங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? நான் சொன்னா யாரு நம்புவா? அந்தம்மா வாயால வந்தாத்தான் உண்டு. நாளைக்கு நீங்கதானே அவங்க முன்னாடி உக்காரப் போறீங்க? ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் குரல் குடுக்குறது யாருன்னு கேளுங்க. சண்டை வேண்டாம், மரியாதையாவே கேளுங்க. இல்லேன்னா எனக்கு இனிமே வேலையே கிடையாது."

"கேக்குறேன்."

"சத்தியமா?"

"நான் ஒரு நிருபர்" என்றேன். அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்திரிகை உலகம் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

மறுநாள் ஓட்டலின் ஐந்தாவது மாடி. நடைபாதையில் வரிசையாக ஒன்பது நாற்காலிகள், ஒன்பது நிருபர்கள், பி.ஆர்.ஓ. வைத்த வீடியோ கேமரா முன்னால் ஆளுக்கு ஏழு நிமிடம். கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய தாளில் கேட்கக்கூடாதவை நான்கு: வயது, திருமணம், ஓடாத படங்கள், டப்பிங். நான்காவதைப் படித்ததும் பேனா கையில் வழுக்கியது.

பக்கத்து நாற்காலிக்காரர் உற்றுப் பார்த்தார். "ஏன் சார் இப்படி வேர்க்குது?"

"ஏசி வேலை செய்யல."

"எனக்குக் குளிருதே."

பேச்சை மாற்றினேன். "போன வருஷம் ஒருத்தர் டப்பிங் பத்தி ஏதோ கேட்டாரே, எங்க இருக்கார்?"

"இப்ப வானிலை எழுதுறார் சார். மழை வருமான்னு கேட்டா யாரும் கோவிச்சுக்குறதில்லையாம், நிம்மதியா இருக்காராம்."

என் முறை வந்தது. போனேன். ஏழு நிமிடங்கள் இனிதே நிறைவேறின. உள்ளே நடந்தவை தொழில் ரகசியம்.

வீட்டுக்கு வந்ததும், "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். அந்தம்மா வாயைத் திறக்குறதுக்குள்ள பி.ஆர்.ஓ. வந்து கேமராவை நிறுத்திட்டார்."

"போகட்டும் விடுங்க. நீங்க கேட்டீங்க இல்ல, எனக்கு அது போதும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதன்பின் இரண்டு நாள் வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தை எழுதினால் கண் பட்டுவிடும்.

மூன்றாம் நாள் பி.ஆர்.ஓ. தொலைபேசியில் அழைத்தார்.

"வீடியோ பார்த்தோம் சார். ஒரு சின்னச் சிக்கல். மேடம் குரல் மேடம் குரல் மாதிரி இல்ல."

"ஆமா சார், இல்லதான்."

"படத்துல கேட்டவங்க குழம்பிடுவாங்க. அதனால மேடம் பேசினதை மாத்திடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்க கேள்வியும் ஒரே நடுக்கம். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டுடியோவுக்கு வந்து மறுபடி பேசிக் குடுத்துடுங்க."

உண்மையான பேட்டியை உண்மைபோல் ஆக்குவதற்கு இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் ஸ்டுடியோக் கதவைத் திறந்தேன். மைக்குக்கு முன்னால், காதில் ஹெட்போனுடன் என் மனைவி நின்றிருந்தாள். அரை மணி நேர வேலை என்று மட்டும் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இன்ன வேலை என்று முன்கூட்டிச் சொல்வது அந்தத் துறையில் வழக்கமில்லை.

ஒலிப்பதிவாளர் திரையில் படத்தை ஓட்டினார். வெட்டாத, முழு ஏழு நிமிடப் படம். கீழே ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில், உங்கள் குரலின் ரகசியம் என்ன என்று நான் கேட்கிறேன். நாற்பது நாள் பயிற்சி, தினமும் வெந்நீர் என்று தேன்குரல் பதில் சொல்கிறார். நல்ல குரல்தான், கொஞ்சம் கனமானது. அதன்மேல் என் மனைவி தன் குரலை வைத்து உதடு பிசகாமல் பேசினாள்.

ஐந்தாவது நிமிடத்தில் பி.ஆர்.ஓ.வின் போன் அடிக்கிறது. அவர் வெளியே போகிறார், கதவு சாத்திக்கொள்கிறது. தேன்குரல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார்.

"காலைலேர்ந்து எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. அவர்தான் வெளிய போயிட்டாரே, உங்களுக்கு நிஜமா ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. சொல்றேன்."

திரையில் இருந்த நான் எச்சில் விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். கதவைப் பார்த்தேன். ஓரத்தில் பதினோரு விநாடிகள் ஓடின. பிறகு நடுங்கும் குரலில் கேட்டேன்: "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நிறம் எது?"

என் மனைவி ஹெட்போனைக் கழற்றினாள்.

"கேமராவை நிறுத்திட்டார்னு சொன்னீங்க."

"கொஞ்ச நேரத்துல வந்து நிறுத்தினார்" என்றேன். உண்மைக்கு இவ்வளவு அருகில் நான் அபூர்வமாகத்தான் போவேன்.

ஒலிப்பதிவாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, சாரை முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"சரி, இந்த இடத்தைப் பதிவு பண்ணிடலாம். மேடம் சாரைக் கேளுங்கன்னு சொல்றது. ரெடி."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நிஜமா ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. சொல்றேன்."

"அக்கா, லேசா கோபம் தெரியுது. மேடத்துக்குக் கோபமே வராது. இன்னொரு தடவை."

இரண்டாம் முறை அதையே தேனாகச் சொன்னாள்.

அடுத்து நான். பி.ஆர்.ஓ. அந்தக் கட்டடத்திலேயே இல்லை. கையெழுத்திட்ட தாளும் இல்லை. தாலி கட்டிய மனைவி இரண்டடி தூரத்தில், ஈரக் கண்ணுடன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு ஆண்டு அனுபவத்தையும் ஒன்றுதிரட்டி, அவள் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நிறம் எது?"

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "முதல் தடவையே ஓகே சார். இப்பத் துளிகூட நடுக்கம் இல்ல!"