நடு நாற்காலி

"நடுவுல நான் உக்கார மாட்டேன். என்னைக் கொன்னாலும் சரி," என்றான் பத்துமலை.

படம் பிடிக்க வந்த டொமினிக்குக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ரப்பர் தோட்டத்துக் கங்காணி சின்னையா, அவர் மனைவி காளியம்மா, தம்பி பத்துமலை. ஆள் மூன்று, நாற்காலி மூன்று. ஓரத்து நாற்காலிகளுக்கு அடிபிடி. நடு நாற்காலியைச் சீந்துவாரில்லை.

"மூணு பேரா படம் புடிச்சா நடுவுல இருக்கிற ஆளு போய்ச் சேந்துருவாங்க அய்யா. ஊருக்கே தெரியும் லா," என்றாள் காளியம்மா. சொல்லிவிட்டு ஏனோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாம் சுத்த மூடத்தனம்!" என்றான் டொமினிக்.

அவன் அவசரம் அவனுக்கு. ஈப்போ பட்டணத்தில் படக்கடை வைத்திருக்கும் முதலாளி மரியஜோசப் கறாராகச் சொல்லியிருந்தார்: "உன் படத்துல கண்ணு எங்க நிக்கிறதுன்னு தெரியாம அலையுது. கண்ணு நேரா வந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் கொண்டா. அப்புறம் என் மக எல்ஸியைப் பத்திப் பேசலாம்."

எல்ஸிக்காக டொமினிக் நடு நாற்காலியில் எமனையே உட்காரவைக்கத் தயாராக இருந்தான்.

"சரி, நடுவுல யாரும் வேணாம். காலியா கெடக்கட்டும். பத்துமலை, நீ பின்னால நில்லு," என்று படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். துணி ஈரமாக இருந்தது. உள்ளே கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. பின்னால் நின்ற ரப்பர் மர வரிசைகள் ஒன்று விடாமல் அந்தக் காலி நாற்காலியிடமே வந்து முடிந்தன. கங்காணியின் தலைப்பாகை எடுபடவில்லை, காளியம்மாவின் மூக்குத்தியும் எடுபடவில்லை. எங்கே பார்த்தாலும் கண் நாற்காலிக்கே திரும்பியது. யாரோ வரப்போகிறார்கள் என்று இடம் பிடித்து வைத்தது போல் இருந்தது. அவனுக்கு முதுகு சில்லிட்டது.

வெளியே வந்து நாற்காலியில் ஒரு பூச்சாடியை வைத்தான். கல்லறையில் வைத்த மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கங்காணியின் வெள்ளைச் சேவலைப் பிடித்து வைத்தான். சேவல் டொமினிக்கை ஒரு முறை உற்றுப் பார்த்தது. அவ்வளவுதான். அலறிக்கொண்டு எழும்பி, கங்காணியின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு, கூரையில் ஏறிக்கொண்டது. படிக்கட்டுக்கு அடியில் கிடந்த நாய் ஊளையிடத் தொடங்கியது.

"ஒரு பிராணிக்கும் என்னைப் புடிக்கல," என்றான் டொமினிக்.

"மனசுல வச்சுக்காதீங்க. தேத்தண்ணி ஆறுது பாருங்க," என்றார் சின்னையா, அவன் முகத்தைப் பார்க்காமலே.

டொமினிக் குவளையைத் தொடவில்லை. காலையிலிருந்தே அவனுக்குப் பசியும் இல்லை, தாகமும் இல்லை. கோப்பெங் ஊரைத் தாண்டி வந்த வழிகூடச் சரியாக நினைவில்லை. எல்லாம் படத்தைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானே உக்கார்றேன்! பத்துமலை, நீ வந்து பெட்டியில தொங்குற இந்த ரப்பர் பந்தை அமுக்கு, படம் விழுந்துரும். நடுவுல உக்காந்தா என்னதான் ஆவுதுன்னு பாத்துடலாம்."

பதறிப்போய்த் தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தான். மூன்று பேர் முகத்திலும் அப்பாடா என்ற நிம்மதி.

"நீங்கன்னா தாராளமா உக்காரலாம்," என்றார் சின்னையா. "உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

டொமினிக் நடுவில் உட்கார்ந்தான். பத்துமலை பந்தை அமுக்கினான். எல்ஸி இந்தப் படத்தைப் பார்த்தால் அவள் கண் வேறெங்கும் போகாது, நேராகத் தன்மேல்தான் வந்து நிற்கும் என்று எண்ணியபோது அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"படம் வந்ததும் உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்து தாரேன்," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"கட்டாயம் வாங்க," என்றாள் காளியம்மா. அவள் கண் கலங்கியது. "வழியில பாத்துப் போங்க."

அவன் சீட்டியடித்தபடி மரங்களுக்குள் நடந்தான். தலை மறைந்ததும் காளியம்மா சொட்டச் சொட்ட நனைந்திருந்த நடு நாற்காலியைத் தூக்கி வெயிலில் காயப்போட்டாள்.

பக்கத்து லயத்து வீட்டு இருளாயி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, இந்த வருசமும் சொல்ல மனசு வரலையா? அன்னிக்கு இதே நாற்காலியில உக்காந்து படம் புடிச்சிட்டுப் போறப்பவே, வண்டி ஈயம் தோண்டின குட்டையில கவுந்து அவரு செத்துப் போனதை அவருகிட்டயே யாருதான் சொல்றது?"